மெல்லிசை மேடையில் டிராக் ஓட்டுவது: டேப்லெட்டா, கீபோர்டா?

11 ஆகஸ்ட் 2024 – செம்பூர் வாசகரின் கேள்வி

மும்பையின் செம்பூரில் சிறிய மெல்லிசைக் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். பாடகர்கள் இருவர், கீபோர்டு ஒருவர், தபேலா ஒருவர், ரிதம் பேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி) ஒருவர். வயலினும் புல்லாங்குழலும் வாசித்தவர்கள் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டதால், ஆடித் திருவிழாக் கச்சேரிகளை அவர்கள் இல்லாமலேயே நடத்தினோம். முன்னிசையும் இடையிசையும் மெலிந்துவிட்டன என்று கோயில் கமிட்டியார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன் ஒரு டேப்லெட் வாங்கி, அதில் டிராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) ஏற்றி ஓட்டலாம் என்பது என் எண்ணம். கீபோர்டிலேயே யூஎஸ்பி குச்சி (பென் டிரைவ்) செருகும் வசதி இருக்கும்போது டேப்லெட் எதற்கு என்கிறார் கீபோர்டு வாசிப்பவர். மெஷினுக்குப் பின்னால் ஓட என்னால் முடியாது, டிராக்கே வேண்டாம் என்கிறார் தபேலா வாசிப்பவர். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட், இரவு

நீங்கள் நினைப்பதும் நடக்கும், கீபோர்டு வாசிப்பவர் சொல்வதும் நடக்கும். ஆனால் முதலில் பதில் சொல்ல வேண்டியது தபேலா வாசிப்பவருக்குத்தான். தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா மேடைகளில் நெடுங்காலமாகக் கீபோர்டு வாசித்து வருகிறேன். நான் பார்த்தவரை, டிராக் நுழைந்த குழுக்களில் முதலில் வேலை இழந்தவர்கள் தாளக் கலைஞர்களே. பாட்டு முழுவதும் டிராக்கில் ஓட, அதன் மேல் இருவர் பாட, மற்றவர்கள் வாசிப்பதுபோல் கையை அசைத்துக்கொண்டிருக்கும் மேடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைக் கச்சேரி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே எந்தக் கருவி என்று யோசிக்கும் முன் ஒரு வரம்பை வகுத்துக்கொள்ளுங்கள். மேடையில் இருக்கும் எவராலும் வாசிக்க முடியாதது மட்டும் டிராக்கில் இருக்கட்டும்: பல வயலின்கள் சேர்ந்த கூட்டிசை, கோரஸ், டிரம்பெட் வரிசை, இப்போது உங்களிடம் இல்லாத புல்லாங்குழல். தபேலா, டோலக், பேஸ் (தாழ்ந்த அடிச்சுரங்கள்) ஆகிய மூன்றும் டிராக்கில் இருக்கவே கூடாது. பேஸைக் கீபோர்டு வாசிப்பவரின் இடது கை பார்த்துக்கொள்ளும். இதைத் தபேலா வாசிப்பவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே சுமுகமாகிவிடும்.

12 ஆகஸ்ட்

வயர் இணைப்பைப் பற்றித் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே விரிவாக எழுதுகிறேன்.

ஸ்டீரியோ ஒலிக்கோப்பு ஒன்றில் இடம், வலம் என இரண்டு வாய்க்கால்கள் உண்டு. இடப்பக்கத்தில் தாளத்தைக் காட்டும் கிளிக் ஒலியை மட்டும் வையுங்கள். வலப்பக்கத்தில் இசையை மட்டும் வையுங்கள். டேப்லெட்டிலிருந்து வெளிவரும் இரண்டு வயர்களில் இடது வயர் தபேலா வாசிப்பவரின் காதுக்கும், வலது வயர் எல்லா ஒலிகளையும் சேர்க்கும் மிக்சருக்கும் போகும். சபைக்கு இசை மட்டுமே கேட்கும், கிளிக் கேட்காது. ஸ்டீரியோவை இழக்கிறோமே என்ற கவலை வேண்டாம். பந்தலிலும் கல்யாண மண்டபத்திலும் பெரும்பாலான ஸ்பீக்கர் அமைப்புகள் ஒரே ஒலியைத்தான் இரு பக்கமும் அனுப்புகின்றன. இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்களுக்குப் புல்லாங்குழலும் வலப்பக்கம் அமர்ந்திருப்பவர்களுக்கு வயலினும் கேட்கும்படி அமைத்து யாருக்கும் நன்மை இல்லை.

அடுத்தது பலரும் சிக்கும் இடம். டேப்லெட்டின் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து ஒரே ஸ்டீரியோ வயரை எடுத்து, மறுமுனையில் உள்ள 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னை மிக்சரின் ஒற்றை உள்ளீட்டில் செருகிவிடுவார்கள். அந்த உள்ளீடு பேலன்ஸ்டு வகையைச் சேர்ந்தது. பின்னின் முனையில் வரும் ஒலியிலிருந்து நடு வளையத்தில் வரும் ஒலியைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் பெருக்கும். சாதாரண ஸ்டீரியோ டிராக்கில் பேஸ், கிக் டிரம், குரல் ஆகியவை இரு பக்கமும் சமமாக இருப்பதால் அவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். எதிரொலியும் ஓரத்து வயலின்களும் மட்டும் வெறும் கூடுபோல ஒலிக்கும். டிராக் கெட்டுவிட்டது, டேப்லெட் சரியில்லை என்று மேடையில் பெரும் குழப்பம் நடக்கும். உண்மையில் கெட்டது எதுவும் இல்லை, வயர் மட்டுமே மாற வேண்டும். ஒருபுறம் ஒரு ஸ்டீரியோ பின்னும், மறுபுறம் இரண்டு மோனோ (ஒரே வாய்க்கால் மட்டும் செல்லும்) பின்களும் உள்ள வயரைக் கேட்டு வாங்குங்கள். மின்னணுப் பொருட்கள் விற்கும் லேமிங்டன் ரோடு கடைகளில் எளிதாகக் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள்.

மேடைக்கும் மிக்சருக்கும் நடுவே தூரம் அதிகம் என்றால், மோனோ பின்னை நேரே நீண்ட வயரில் இணைக்காமல் ஒரு டிஐ பெட்டியில் (ஒலியை நீண்ட மைக் வயருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) செருகி, அதிலிருந்து மைக் வயர் வழியாக அனுப்புங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டியும், அதன் பக்கவாட்டில் உள்ள எர்த் துண்டிக்கும் ஸ்விட்ச்சும் பந்தல் மின்சாரத்தின் இரைச்சலைப் பெரும்பாலும் அடக்கிவிடும். சார்ஜர் செருகியவுடன் கீச்சென்று ஓர் ஒலி எழுந்தால் அது சார்ஜரின் குற்றம். முழுவதும் சார்ஜ் செய்து கொண்டுவந்து, கச்சேரியின்போது சார்ஜரைக் கழற்றிவிடுவதே நல்லது.

12 ஆகஸ்ட், பின்னர்

விட்டுப்போன ஒன்று. ஐபேடில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் பகுதியில் மோனோ ஆடியோ என்றொரு தேர்வு இருக்கிறது. அது தவறிப்போய் இயக்கத்தில் இருந்தால் இடமும் வலமும் கலந்துவிடும், கிளிக் ஒலி சபைக்கே போய்விடும். பல ஆண்டிராய்டு டேப்லெட்டுகளிலும் இதே தேர்வு உண்டு. மேடை ஏறும் முன் இதைப் பாருங்கள்.

15 ஆகஸ்ட்

இப்போது கீபோர்டு வாசிப்பவரின் வாதத்துக்கு வருகிறேன். கீபோர்டில் டிராக் என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைக்கிறோம்.

முதலாவது, ஸ்டைல். யமஹா பிஎஸ்ஆர் வரிசையிலும் கோர்க் பிஏ வரிசையிலும் இடது கையில் நீங்கள் பிடிக்கும் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) பின்பற்றி, தாளமும் பேஸும் துணையிசையும் தானாக ஓடும். உங்களிடம் தாளத்துக்கு இரண்டு பேர் இருக்கும்போது இது தேவையே இல்லை.

இரண்டாவது, மிடி கோப்பு. இதில் ஒலி இல்லை; எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. 1983-இல் வந்த மிடி முறையும், 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது வரிசையும் இன்றும் அப்படியே வழங்குகின்றன. பதினாறு வாய்க்கால்களில் வேண்டாததை நிறுத்திவிடலாம். தாளம் வழக்கமாகப் பத்தாவது வாய்க்காலில் இருக்கும் என்பதால், அதை அணைத்தால் உங்கள் தபேலாவுக்கு இடம் கிடைத்துவிடும். பாடகருக்கு அன்று தொண்டை சரியில்லை, ஸ்ருதியை ஒன்றரைக் கட்டை இறக்குங்கள் என்றால் ஒரு பொத்தானில் இறக்கலாம், தரம் குறையாது. வேகத்தையும் அப்படியே மாற்றலாம். குறை என்னவென்றால், வயலின் கூட்டிசை எப்படி ஒலிக்கும் என்பது கீபோர்டின் கையில் இருக்கிறது. கமகத்தோடு வாசித்த புல்லாங்குழலை மிடியில் கேட்டால் உயிர் போய்விட்டது தெரியும்.

மூன்றாவது, ஒலிக்கோப்பு. யூஎஸ்பி குச்சியிலிருந்து வேவ் அல்லது எம்பி3 கோப்பை வாசிக்கும் வசதி இப்போது பல கீபோர்டுகளில் இருக்கிறது. உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு சிக்கல் எழும். இடத்தில் கிளிக், வலத்தில் இசை என்று பிரித்த கோப்பைக் கீபோர்டில் ஓட்டினால், அது கீபோர்டின் இடது, வலது அவுட்டுகள் வழியாகவே வெளிவரும். அதே இரண்டு அவுட்டுகளில்தான் அவர் கையால் வாசிக்கும் ஒலியும் வருகிறது. இடது அவுட் தபேலாவின் காதுக்குப் போய்விட்டால் சபைக்கு வலது அவுட் மட்டுமே மிஞ்சும். இரு பக்கமும் விரியும் பியானோ போன்ற ஒலிகளில் பாதிதான் கேட்கும். தனியாகத் துணை அவுட் உள்ள உயர்வகைக் கீபோர்டில் இதற்கு வழி உண்டு. மற்றவற்றில் இல்லை.

ஸ்ருதி மாற்றத்திலும் ஒலிக்கோப்பு பின்தங்குகிறது. அரைக் கட்டை, ஒரு கட்டை வரை மென்பொருளால் ஏற்றி இறக்கினால் காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் வயலினுக்கு ஒரு பிசுபிசுப்பு வந்துவிடும். இரண்டு பாடகர்களின் கட்டைகளையும் இப்போதே எழுதி வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கட்டையிலேயே டிராக் தயாரித்துக்கொள்வதுதான் முறை.

19 ஆகஸ்ட்

பழைய டேப்லெட் ஒன்று வீட்டில் இருக்கிறது, போதுமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். டிராக்கை ஓட்டுவதற்குப் போதும். டேப்லெட்டில் ஒலித்தாமதம் இருக்கிறது, ஆண்டிராய்டு மேடைக்கு ஆகாது என்று பலர் சொல்வார்கள். அந்தத் தாமதம், டேப்லெட்டை இசைக்கருவியாக வைத்து விரல் வைத்த கணத்தில் ஒலி வர வேண்டும் என்ற இடத்தில் மட்டுமே குறுக்கே நிற்கும். தொடங்கிய கோப்பு தானாக ஓடும்போது கிளிக்கும் இசையும் ஒரே அளவு தாமதமாக வருவதால் எவருக்கும் அது தெரியாது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் இயர்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஐபேட் ப்ரோவில் 2018-இலேயே அந்தத் துளை போய்விட்டது. சாதாரண ஐபேடில் 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையே துளை உள்ள கடைசி மாடல். துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே எடுக்கும் சிறு பெட்டி) ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும். அதில் கிடைக்கும் ஒலி இன்னும் சுத்தமாகவும் இருக்கும். ஆனால் இன்டர்ஃபேஸ் ஒரு சாம்பிள் வேகத்திலும் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு) கோப்பு வேறு சாம்பிள் வேகத்திலும் இருக்கக் கூடாது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான கோப்பை 48 கிலோஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஓட்டிவிட்டால், வேகம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், ஸ்ருதியும் முக்கால் கட்டை அளவு ஏறி எந்தக் கட்டையிலும் நிற்காது. எல்லா டிராக்கையும் ஒரே அளவில் வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

கோப்பை வேவ் ஆகவே வைத்திருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி இடம் பிடிக்கும். இன்றைய டேப்லெட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தலையில் ஒரு சிறிய மௌனம் ஒட்டிக்கொள்கிறது. நீளம் சில பத்து மில்லி நொடிகள்தான் என்றாலும், தாளத்தில் அழுத்தித் தொடங்க வேண்டிய டிராக்கில் அது நன்றாகவே தெரியும்.

டேப்லெட்டுக்கு உள்ள மிகப் பெரிய பலம் வேறொன்று. பந்தலின் மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் கீபோர்டு அணைந்துவிடும்; மீண்டும் எழுந்து, பழைய ஒலிக்கு வந்து சேர்வதற்குள் சரணம் முடிந்துவிடும். டேப்லெட்டுக்குள் பேட்டரி இருக்கிறது, அது நிற்காது. கீபோர்டுக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் வைத்துவிட்டால் இரண்டும் காப்பாற்றப்படும். தபேலாவுக்கு ஒன்றும் வேண்டாம், அது எந்த மின்சாரத்திலும் அணையாது.

மேடையில் ஏர்பிளேன் மோடு, திரை தானாக அணையாத அமைப்பு, அறிவிப்பு ஒலிகள் நிறுத்தம் ஆகிய மூன்றும் கட்டாயம். ஐபேடில் கைடட் ஆக்சஸ் என்ற வசதியை இயக்கினால், கை தவறிப் பட்டாலும் வேறு செயலிக்குத் தாவாது.

24 ஆகஸ்ட்

தபேலா வாசிப்பவரை ஒத்திகைக்கு அழைத்ததாகவும், கிளிக்கோடு வாசித்தது தமக்குச் சிறையில் இருப்பதுபோல் இருந்தது என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். இதைப் பல நாள் யோசித்தேன். 12-ஆம் தேதி எழுதிய முழுநீள டிராக் முறை, பாட்டு எழுதி வைத்தபடியே நடக்கும் அரங்கக் கச்சேரிக்குப் பொருந்தும். கோயில் மேடைக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன்.

அவர் சொல்வதில் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவது, நாம் பாடும் பழைய பாடல்கள் பெரிய வாத்தியக் குழு ஒரே அறையில் அமர்ந்து வாசித்துப் பதிவானவை. அவற்றில் வேகம் மூச்சுபோல ஏறி இறங்கும். சரணத்தில் சற்றுத் தளர்ந்து பல்லவிக்குத் திரும்பும்போது இறுகும். ஒரே சீரான கிளிக்கை அதன்மேல் வைத்தால் பாட்டின் நடையே மாறிவிடும். மூலப்பதிவைக் கேட்டபடியே தட்டித்தட்டி, ஏறி இறங்கும் கிளிக்கைத் தயாரிக்க மென்பொருளில் வழி இருக்கிறது. ஆயினும் அது அன்றைக்கு அந்த அறையில் வாசித்தவர்களின் மூச்சுதான், இன்றைக்கு உங்கள் பாடகரின் மூச்சு அன்று.

இரண்டாவது, நம் மேடையில் பாட்டு எழுதி வைத்தபடி நடப்பதில்லை. பாடகர் பல்லவியை மூன்றாம் முறை எடுப்பார், முன்வரிசைப் பெரியவர் தலையாட்டினால் நான்காம் முறையும் எடுப்பார். கமிட்டித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்த நடுவே நிறுத்தச் சொல்வார்கள். முழுநீள டிராக் எவருக்காகவும் காத்திருக்காது.

ஆகவே டிராக்கை வெட்டுங்கள். முன்னிசை ஒரு துண்டு, முதல் இடையிசை ஒரு துண்டு, இரண்டாம் இடையிசை ஒரு துண்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் டிராக் இல்லாமல் ஐந்து பேரும் கையால் வாசியுங்கள். அங்கே கிளிக் இல்லை, வேகம் தபேலாவின் கையில் இருக்கிறது. பல்லவியை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். இடையிசை வரும் தாளத்தின் சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) ஒருவர் பொத்தானை அழுத்தினால் அந்த எட்டு அல்லது பதினாறு ஆவர்த்தனத்துக்கு வயலின்கள் வந்து சேரும், முடிந்ததும் அவை விலகிவிடும்.

அழுத்த வேண்டியவர் யார்? இதிலும் என் கருத்து மாறியிருக்கிறது. கீபோர்டு வாசிப்பவர் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய இரண்டு கைகளும் அந்த நேரத்தில் வேலையாக இருக்கும். தாளம் இருப்பதோ வேறொருவர் கையில். ரிதம் பேட் வாசிப்பவர்தான் அழுத்த வேண்டும். குச்சியால் ஒரு பேடைத் தட்டினால் துண்டு தொடங்கிவிடும். தாளத்தைத் தட்டும் அதே கை தட்டுவதால் சமம் தவறாது.

எல்லாப் பேடும் இதற்கு உதவாது. ரோலண்ட் எஸ்பிடி-20, எஸ்பிடி-30 ஆகியவற்றில் நம் சொந்த ஒலிக்கோப்பை ஏற்ற முடியாது. 2011-இல் வந்த எஸ்பிடி-எஸ்எக்ஸ் ஏற்கும். அதற்காகப் புதிய பேட் வாங்கத் தேவையில்லை. பழைய பேடின் மிடி அவுட்டிலிருந்து யூஎஸ்பி மிடி வயர் ஒன்றை டேப்லெட்டுக்கு இழுத்து, மிடி குறிப்பு வந்தால் துண்டை ஓட்டும் செயலி ஒன்றை வைத்தால் போதும்; ஐபேடில் லூப்பி ப்ரோ இதைச் செய்யும். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: டேப்லெட் வாங்குங்கள், ஆனால் அதைப் பேட் வாசிப்பவரின் பக்கத்தில் வையுங்கள்.

24 ஆகஸ்ட், இரவு

ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். ஒலித்துண்டின் வேகம் மாறாது. சரணத்தில் குழு வேகம் கூட்டியிருந்தால், வயலின்கள் பழைய வேகத்தில் வந்து தடுக்கும். இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறேன். பாட்டுக்கு முன் சீரான வேகம் காட்டும் மெட்ரோனோமின் விளக்கை மட்டும் தபேலா வாசிப்பவருக்குக் காட்டி வேகத்தை நினைவூட்டிவிட்டு அணைத்துவிடுவோம். நல்ல தாளக் கலைஞர் ஒரு பாட்டின் நீளத்துக்கு அதைப் பிடித்து வைத்திருப்பார். வேகம் நிச்சயமாக மாறும் என்று தெரிந்த பாட்டில் ஒலித்துண்டை விட்டுவிட்டு, மிடித் துண்டைக் கீபோர்டில் வைத்து, டாப் டெம்போ பொத்தானை நான்கு முறை தட்டி அன்றைய வேகத்துக்குக் கொண்டுவருவோம். வயலின் சற்றுச் செயற்கையாக இருக்கும். ஆனாலும் பாட்டு தடுமாறாது. கீபோர்டு வாசிப்பவர் சொன்னதற்கு இங்கே முழு நியாயம் இருக்கிறது.

28 ஆகஸ்ட்

துண்டு ஓடும்போது தபேலா வாசிப்பவர் அதை எங்கிருந்து கேட்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. முன்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கரிலிருந்து கேட்டு வாசிக்கக் கூடாது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பவர் 30 மில்லி நொடி பின்தங்குவார். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி என்றால் இன்னும் அதிகம். அருகில் ஒரு சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் அல்லது ஒரு காதில் மட்டும் வயர் உள்ள இயர்போன் வையுங்கள். மற்றொரு காது பாடகருக்கும் தபேலாவின் சொந்த நாதத்துக்கும் திறந்திருக்க வேண்டும். புளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் பொதுவாக 100 மில்லி நொடிக்கு மேல்.

9 செப்டம்பர்

சதுர்த்தி தொடங்கி மூன்றாம் நாள். மழை விடவில்லை. பந்தலில் எவர் விரலும் காய்ந்திருக்கவில்லை. ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பதில் சொல்லாது. டேப்லெட்டைத் தொடாமல் பேடிலிருந்தே எல்லாவற்றையும் செய்யும்படி அமைத்திருந்ததன் பயன் இந்த வாரத்தில் நன்றாகத் தெரிந்தது. அடுத்த பாட்டுக்கு நகர்வதற்கும் ஒரு பேடை ஒதுக்கிவிடுங்கள். வழியில்லாவிட்டால் பக்கம் திருப்பும் கால் பெடல் ஒன்றை இணைக்கலாம். அதில் புளூடூத் இருந்தாலும் பரவாயில்லை, அது ஒலியைக் கடத்துவதில்லை, பொத்தான் அழுத்தத்தை மட்டுமே அனுப்புகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். நள்ளிரவு வரை அனுமதிக்க ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் மாநில அரசு நாள் குறிக்கலாம். சதுர்த்தி நாட்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ஒன்பதே முக்காலுக்கு மேல் கமிட்டியார் கடிகாரத்தைக் காட்டத் தொடங்குவார்கள். முழுநீள டிராக்கோடு இருந்தால் பாட்டை நடுவில் அறுக்க வேண்டியிருக்கும். துண்டுகளாக வைத்திருந்ததால் இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவியில் முறையாக முடித்தோம். கேட்டவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

20 செப்டம்பர்

யூடியூபில் உள்ள பாட்டிலிருந்து குரலை நீக்கும் மென்பொருளால் டிராக் எடுத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். இணைய இசைச் சேவையான டீசர் நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டதிலிருந்து இது மிக எளிதாகிவிட்டது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குரல் இருந்த இடத்தில் ஒரு நீர்மையான நடுக்கம் மிஞ்சும். வீட்டு இயர்போனில் தெரியாவிட்டாலும் பெரிய ஸ்பீக்கரில் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்குகளில் இசை வாசிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. டிக்கெட் வைத்து அரங்கில் நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே ஐபிஆர்எஸ் (பாடல் இயற்றியவர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கம்) உரிமம் பெற்றாக வேண்டும். பிறர் பதிவிலிருந்து இசையைப் பிரித்து எடுத்து நகல் வைத்துக்கொள்வது, மேடையில் வாசிப்பதிலிருந்து வேறான செயல்; வாசிப்புக்கான விலக்கை அதற்கும் நீட்டிக்கொள்ளக் கூடாது.

இதைவிட நல்ல வழி உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலிக்குத் திரும்பிய உங்கள் வயலின் கலைஞரையும் புல்லாங்குழல் கலைஞரையும் அழையுங்கள். பாட்டின் கட்டை, வேகம், இடையிசையின் நீளம் ஆகியவற்றோடு ஒரு கிளிக் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பினால், அவர்கள் இயர்போனில் அதைக் கேட்டபடி வாசித்துப் பதிவு செய்து அனுப்பலாம். கிளிக் கோப்பின் தொடக்கத்தில் உங்கள் கீபோர்டின் ஆதார சட்ஜத்தைச் சில நொடிகள் வையுங்கள், ஸ்ருதி சேர்வதற்கு. அமைதியான அறை, மேசைமேல் அசையாத செல்பேசி, வாத்தியத்துக்கும் செல்பேசிக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவு இடைவெளி இருந்தால் பந்தலுக்குப் போதுமான பதிவு கிடைத்துவிடும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒலி சுருங்கிவிடும். வயலின் கலைஞர் அதே பகுதியை மூன்று நான்கு முறை வாசித்து அனுப்பினால், அவற்றை அடுக்கிக் கூட்டிசை ஆக்கலாம்.

பதிவுக்கு ஊதியம் கொடுங்கள். ஒரு முறை வாங்கிய பதிவை ஆண்டுக்கணக்கில் ஓட்டப்போகிறோம் என்பதால், கச்சேரிதோறும் அவர்களுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் குழுவில் அப்படித்தான் செய்கிறோம். தொகை சிறிதுதான், ஆனால் அவர்கள் இன்னும் குழுவைச் சேர்ந்தவர்கள் என்பதை எல்லோரும் உணர்கிறார்கள், புதிய பாட்டு கேட்டால் அன்றே வாசித்து அனுப்புகிறார்கள்.

6 அக்டோபர் – செம்பூர் வாசகர்

நவராத்திரிக் கச்சேரியில் துண்டு முறையைச் செய்து பார்த்தோம். வயலின் பதிவுகள் வந்துவிட்டன. தபேலா வாசிப்பவர் சம்மதித்தார். ஒரு பாட்டில் துண்டை எப்போது தொடங்க வேண்டும் என்று பேட் வாசிப்பவருக்கு அவரே தலையசைத்துக் காட்டினார். மாலை நாலரை மணி மேடையில் மேற்கு வெயில் நேரே விழுந்தது. டேப்லெட்டின் திரை மங்கிவிட்டது, கையில் எடுத்தால் சுட்டது. நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

6 அக்டோபர், இரவு

தலையசைத்தார் என்பதைப் படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். அவரையே தொடர்ந்து காட்டச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றி: ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் குறிப்பிடுகிறது. அக்டோபரில் மும்பைப் பகல் அந்த அளவை எளிதில் தொடும். நேர்வெயிலில் கருவி அதைவிடச் சூடாகும். முதலில் திரையை மங்கச் செய்து, பிறகு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். உறையைக் கழற்றிவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், பேட் ஸ்டாண்டுக்குக் கீழே நிழலில் வையுங்கள். எல்லாம் பேடிலிருந்தே நடப்பதால் திரை கண்ணுக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை.

நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு ஏற்பாடுகள். அதே துண்டுகளை ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றிக் கீபோர்டில் செருகியே வைத்திருங்கள். சில கீபோர்டுகள் ஃபேட்32 முறையில் அமைத்த குச்சியை மட்டுமே படிக்கும் என்பதால், வீட்டிலேயே ஒவ்வொரு துண்டையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அது பாட்டுகளுக்கு நடுவே மாறிக்கொள்வதற்கு. பாட்டின் நடுவிலேயே துண்டு வராமல் போனால் கீபோர்டு வாசிப்பவர் வயலின் ஒலிக்கு மாறி, இடையிசையின் மேல்வரியை ஒற்றைக் கையால் வாசித்துவிட வேண்டும். இதையும் ஒத்திகை பாருங்கள்: ஒத்திகையில் பேட் வாசிப்பவர் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு துண்டைத் தட்டாமல் விடட்டும், மற்றவர்கள் நிற்காமல் தொடரட்டும். எங்கள் குழுவில் ஒவ்வொரு புதிய பாட்டையும் ஒரு முறையாவது இப்படி டிராக் இல்லாமல் முடித்த பிறகுதான் மேடைக்குக் கொண்டுபோகிறோம்.